நர்சம்மாவின் காரும் நான் கேட்காத சத்தமும்

இந்த மெக்கானிக் வாட்ஸ்அப் குழுவில் நான் அதிகம் எழுதுவதில்லை. கடையை மூடி இரண்டு வருடம் ஆகிறது. நீங்கள் அனுப்பும் என்ஜின் சத்தப் பதிவுகளை மட்டும் காலையில் டீ போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பேன். வீட்டில் வேறு சத்தம் இல்லாததால் நன்றாகவே கேட்கும்.

நேற்று அரூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். பழைய பெட்ரோல் கார், ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை, நின்றபடி ஸ்லோவில் என்ஜின் மட்டும் ஓடும்போது உதறுகிறது, சில நேரம் அணைந்தே போகிறது, வண்டிக்காரர் மூன்றாவது தடவையாக வருகிறார், என்ன மாற்றலாம் என்று. பத்து நிமிடத்துக்குள் பதில்கள் வந்துவிட்டன. பிளக்கைப் பார், காயிலைப் பார், த்ராட்டிலைக் கழுவு, ஹோஸில் வெடிப்பு இருக்கும். எல்லாம் சரியான பதில்கள்தான். கடைசியாக ஒருவர், "ஆளு சும்மா தொல்லை பண்றாரு போல, ரெண்டு நாள் வெச்சிருந்து அப்படியே குடுத்துடு" என்று எழுதி, சிரிக்கும் பொம்மை ஒன்றையும் போட்டிருந்தார்.

கடைசியாக எழுதிய அந்தத் தம்பியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் எழுதியதை நான் ஒரு காலத்தில் ஒரு மனுஷியின் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அது என்ன ஆனது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பென்னாகரத்தில் தருமபுரி சாலையில் என் கடை இருந்தது. அப்போது என் மனைவி ஓசூருக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. மகளுக்குக் குழந்தை, மகளுக்கும் வேலை, மருமகனுக்கும் வேலை, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆறு மாதம் என்றுதான் போனாள். நான் காலையில் ஒரு தடவை சோறு வடித்து, அதையே மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடையிலும் நான் ஒருவன்தான். என்னோடு வேலை பார்த்தவர் தருமபுரியில் பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டார். பகலெல்லாம் வண்டிகளோடு பேசுவேன். மனிதர்களிடம் பேச வாய்ப்பு வந்தால் அதைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளப் பார்ப்பேன். ஏன் அப்படி ஆனேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

அந்த நாட்களில்தான் கிரேஸ் சிஸ்டர் வர ஆரம்பித்தார். அரசாங்கத்தில் கிராம நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாப்பாரப்பட்டியில் தனியாக இருந்தார். காட்டோர ஊர்களில் அவரை நர்சம்மா என்றால்தான் தெரியும். அவருடைய அண்ணன் இறந்த பிறகு அவருடைய பழைய காரை இவர் எடுத்துக்கொண்டார். அறுபது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்தவர் என்று எங்கள் பக்கம் அதைப் பற்றிப் பேச்சு இருந்தது.

முதல் தடவை வந்தபோது, "நின்னா உதறுதுங்க தம்பி. அப்புறம் அணைஞ்சு போயிடுது" என்றார்.

பிளக் மாற்றினேன், த்ராட்டிலைக் கழுவினேன். ஸ்லோவில் விட்டுப் பார்த்தேன். குண்டூசியை நிற்க வைக்கலாம் போல ஓடியது. அனுப்பிவிட்டேன்.

பத்து நாளில் திரும்பி வந்தார். இந்தத் தடவை தேடியதில் ஒரு ரப்பர் ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தது. காற்று அதன் வழியாக உள்ளே போனால் வண்டி உதறத்தான் செய்யும். கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை. மாற்றிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் மூன்றாவது தடவையாக வந்தார்.

"சந்தை அன்னைக்குத்தான் தம்பி ரொம்ப. கூட்டத்துல நின்னு நின்னு போறப்ப. ரோட்டுல போறப்ப ஒண்ணும் தெரியல."

"வெயிலுங்க சிஸ்டர். கூட்டத்துல மெதுவா போனா சூடேறும்."

"இல்ல தம்பி, ஒரு சத்தம் வருது. பிரஷர் பாக்கறோமில்ல, கையில பட்டை சுத்திக் காத்தடிச்சுட்டு மெல்ல எறக்குவோம், ஸ்ஸுன்னு. அது மாதிரி. கால்கிட்ட."

நான் பானட்டைத் திறந்து காது வைத்துக் கேட்டேன். அவரைக் காரிலிருந்து இறங்கி நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு நானே ஏறி உட்கார்ந்து கேட்டேன். எந்தச் சத்தமும் இல்லை. ஸ்கேனரைச் செருகிப் பார்த்தேன். அதுவும் ஒன்றும் சொல்லவில்லை. சாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். வண்டியை நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டுக்கொண்டே இருப்பது என் பழக்கம். நம்மில் பலருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. வண்டி நன்றாகத்தான் ஓடியது.

நான் திரும்பி வந்தபோது சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று வாங்கி மூடி வைத்திருந்தார். குடிக்கும் வரை பேசினார். அண்ணனுக்கு இந்தக் கார் என்றால் உயிர் என்றார். அவருடைய அண்ணன் மகன் சேலத்தில் இருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்வான் என்றும் சொன்னார். வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓடி நிற்கும்போது கூட முழிப்பு வந்துவிடுகிறது என்றார். நான் ஸ்பேனர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே "ம்" கொட்டினேன்.

நான்காவது தடவை வந்தபோது எனக்கு வேறு இரண்டு வண்டிகள் காத்திருந்தன. அவர் காரை நிறுத்தி, இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, "இன்னும் அந்தச் சத்தம்..." என்று ஆரம்பித்தார்.

நான் முடிக்க விடவில்லை.

"சிஸ்டர், வண்டியில ஒண்ணுமில்லீங்க. மூணு தடவை பாத்தாச்சு. வூட்ல தனியா இருக்கீங்க இல்ல, அதான் எல்லாமே சத்தமா கேக்குது."

குரலை உயர்த்தவில்லை. மரியாதையாகத்தான் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒரு வண்டிக்காரர் சிரித்தார். சிஸ்டர் கைப்பையின் வாரைச் சரி செய்துகொண்டார். "இருக்கலாம் தம்பி" என்றார். ஏறி உட்கார்ந்து, போய்விட்டார். ஒரு டீ கூடக் குடிக்கவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் ஃப்ரிட்ஜைப் பற்றிச் சொன்னபோது எனக்கு எரிச்சல் வந்தது. என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. மோட்டார் நிற்கும், தண்ணீர் சொட்டும், நான் எழுந்து உட்காருவேன். அதை யாரிடமும் நான் சொன்னதில்லை. அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அவரை அனுப்பிவிட்டால் அந்தப் பேச்சும் போய்விடும் என்று இருந்தது. தனியாக இருப்பவர் சொல்வதைப் பாதியாகக் குறைத்துத்தான் கேட்க வேண்டும் என்று எப்படியோ முடிவு செய்திருந்தேன். நானும் தனியாக இருப்பவன்தான் என்பதை அதில் சேர்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, காலை பதினொரு மணி இருக்கும், விபத்து வண்டிகளை இழுக்கும் ரெக்கவரி வண்டி ஓட்டும் இளைஞர் மாது ஃபோன் செய்தார். "அண்ணா, உங்ககிட்ட வர்ற நர்சம்மா கார் ஒகேனக்கல் எறக்கத்துல பள்ளத்துல எறங்கிடுச்சு. ஆளுங்களுக்கு உசுருக்கு ஒண்ணுமில்ல. வண்டிய எடுக்கணும், வர்றீங்களா?"

போகும் வழியில் மாது சொன்னதை வைத்துத்தான் எனக்கு நடந்தது தெரியும். தடுப்பூசி போட வந்த ஒரு பெண், நான்கு மாதக் கைக்குழந்தையோடு பஸ்ஸைத் தவறவிட்டு பென்னாகரத்தில் நின்றிருக்கிறாள். நர்சம்மாவுக்குத் தெரிந்த பெண்தான். ஒகேனக்கல் வரை நானே விட்டுவிட்டு வருகிறேன் என்று ஏற்றிக்கொண்டிருக்கிறார். மலையிறக்கத்தில் ஒரு வளைவில் எதிரே பஸ். கிளட்சையும் பிரேக்கையும் மிதித்திருக்கிறார். என்ஜின் அணைந்துவிட்டது. பிரேக் கல் மாதிரி இறுகிவிட்டது. ஸ்டியரிங்கும் கனத்துவிட்டது. வலது பக்கம் பள்ளத்தாக்கு. முழு பலத்தையும் போட்டு இடது பக்கம், மலைச்சுவர் ஓரத்து வடிகாலுக்குள் காரைத் திருப்பிவிட்டார். குழந்தைக்கும் தாய்க்கும் ஒரு கீறல் இல்லை. அவருக்கு மணிக்கட்டு உடைந்துவிட்டது.

நாங்கள் போனபோது அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். கார் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி, முன் மட்கார்டு நசுங்கி, சாய்ந்து நின்றது. கட்டைச்சுவர் மேல் நாலைந்து குரங்குகள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. சாலையில் நின்றிருந்த இரண்டு மூன்று பேர், வயசான பொம்பளைக்கு மலையில் எதுக்கு கார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். முதலில் ரேடியோதான் அலறியது. அவ்வளவு சத்தமாக வைத்து ஓட்டுகிறவர் இல்லையே என்று நினைத்துக்கொண்டே அணைத்தேன். என்ஜின் பிடித்தது. உதறல் இல்லை. சீராக ஓடியது.

அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். வண்டி சரியாகத்தான் இருக்கிறது, ஓட்டியவர் மேல்தான் தப்பு, என் மேல் இல்லை என்று மனம் அவ்வளவு வேகமாக முடித்துக்கொண்டது.

மாது பின்னாலிருந்து கயிறு மாட்டிக்கொண்டே, "அண்ணா, வண்டி நழுவப் போவுது. பிரேக்க நல்லா மிதிச்சுப் புடிச்சுக்கங்க, விட்டுடாதீங்க" என்றார்.

மிதித்தேன். பிடித்துக்கொண்டேன். ஸ்ஸ் என்று கால்கிட்டே காற்று இறங்கியது. என்ஜின் ஒரு தடவை தடுமாறியது, பிறகு கார் முழுக்க உதறியது, பிறகு அணைந்தது. காலடியில் பெடல் கல்லானது.

இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு இனி நான் விளக்க வேண்டியதில்லை. புதியவர்களுக்காகச் சொல்கிறேன். பிரேக் பெடலுக்குப் பின்னால், என்ஜின் பக்கம், சட்டி மாதிரி வட்டமாக பூஸ்டர் இருக்கிறது. என்ஜின் இழுக்கும் காற்றை வைத்துத்தான் அது நம் காலுக்குத் துணை செய்கிறது. உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்திருந்தால், பெடலை மிதித்துப் பிடிக்கும்போது மட்டும் வெளிக்காற்று அதன் வழியாக என்ஜினுக்குள் போகும். ஸ்லோவில் இருக்கும் என்ஜின் அதைத் தாங்காது. காலை எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும். கிழிசல் சிறியதாக இருந்த நாட்களில் உதறல் மட்டும். வளர வளர என்ஜினும் நிற்கும், பிரேக்கும் போகும்.

மூன்று தடவையும் அவரை இறக்கிவிட்டுவிட்டுத்தான் நான் கேட்டேன். அவர் கால் பிரேக்கில் இருந்தபோது ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. நின்று நின்று போகும்போது, கால்கிட்ட, காற்று இறங்குகிற மாதிரி என்று அவர் சொன்ன மூன்றும் சரியாக இருந்தன. வாழ்க்கை முழுவதும் காற்று இறங்கும் சத்தத்தைக் காது வைத்துக் கேட்ட மனுஷி அவர்.

மாது இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிஸ்டர் கட்டிலில் கட்டுப்போட்ட கையோடு சாய்ந்திருந்தார். சேலத்திலிருந்து அண்ணன் மகன் வந்திருந்தார். நல்ல பையன்தான், பயந்து போயிருந்தார். பக்கத்து வீட்டு அம்மாவும் ஒருவர் இருந்தார்.

"வாங்க மெக்கானிக்" என்றார் அண்ணன் மகன். "காரை நீங்களே நல்ல வெலைக்கு யாருக்காவது தள்ளி விட்ருங்க. இல்ல நீங்களே வெச்சுக்கங்க. அத்தை இனிமே ஓட்ட வேணாம். வூட்டையும் பூட்டிட்டு சேலத்துக்கு வரட்டும்."

சிஸ்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, அவர் சொன்னா கேப்பீங்க இல்ல? மூணு தடவை பாத்தவரு. நீங்களே சொல்லுங்கண்ணா, வண்டியில கோளாறா, ஓட்டினதுல கோளாறா?"

வேலையில் அவசர முடிவுகள் எத்தனையோ எடுத்திருக்கிறேன். ஜாக்கியில் நின்ற வண்டி சரிந்தபோது, ஒயரில் தீ பிடித்தபோது. அப்போதெல்லாம் கை தானாக வேலை செய்தது. இந்த இடத்தில் எனக்கு யோசிக்க நேரம் இருந்ததுதான் கஷ்டம். பழைய வண்டிங்க என்று பொதுவாகச் சொன்னால் போதும். யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. காரும் என்னிடமே இருக்கும், பூஸ்டரைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். சிறிய ஊர், ஒரே கடை, ஒரே பேர். இவ்வளவும் என் தலையில் ஓடியது. சிஸ்டர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோளாறு வண்டியிலதாங்க" என்றேன். "பிரேக் பூஸ்டர் கிழிஞ்சிருக்கு. சிஸ்டர் எடத்தைக் காட்டியே சொன்னாங்க. நான்தான் கேக்கல. சும்மா சொல்றாங்கன்னு நெனச்சுட்டேன். அந்த எறக்கத்துல வேற யாரா இருந்தாலும் மூணு உசுரு போயிருக்கும். அவங்க ஓட்டினதுல ஒரு தப்பும் இல்ல."

அண்ணன் மகன் என்னை முறைத்தார். என்ன சொன்னார் என்று இங்கே எழுதவில்லை. எனக்கு வர வேண்டியதுதான் வந்தது.

அவர் மருந்து வாங்க வெளியே போன பிறகு சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "கேட்டுச்சு இல்ல உங்களுக்கு?" என்றார்.

"கேட்டுச்சுங்க."

"நீங்க சொன்னதுக்கப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு தம்பி. மனசுதான் கெட்டுப் போச்சோன்னு. அதான் ரேடியோவ சத்தமா வெச்சுட்டு ஓட்ட ஆரம்பிச்சேன். அது கேக்கக் கூடாதுன்னு."

நான் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரேடியோவை நான் அணைத்த விதம் ஞாபகம் வந்தது. மன்னிச்சுக்கங்க என்று சொன்னேனா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. சொல்ல நினைத்தது தெரியும்.

பூஸ்டர் புதிதாகப் போட்டேன். பிரேக் முழுவதையும் பிரித்துப் பார்த்தேன். மட்கார்டை நேராக்கி வண்ணம் அடித்தேன். அந்த ஒரு மாதம் என் கடையில் சத்தமே இல்லாமல் வேலை நடந்தது. டீக்கடைக்காரர் ஒரு நாள், "நர்சம்மா வர்றதே இல்லையே" என்று கேட்டார். கை சரியாகட்டும் என்றேன். சிஸ்டர் வந்த நாட்களில் டீ இரண்டாக வந்து பழகியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஓசூருக்கு ஃபோன் செய்து என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "சாப்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான்.

கட்டுப் பிரித்த வாரம் காரைப் பாப்பாரப்பட்டிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். சிஸ்டர் வாசலுக்கு வந்தார். சேலம் போகவில்லை. சாவியை நீட்டினேன். அவர் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்து காரை ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்துப் பிடித்தார். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"செத்த பேசாம இருங்க தம்பி."

கண்ணை மூடிக்கொண்டார். நோயாளியின் நாடியைப் பிடித்திருப்பவர் போலத் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார். ஐந்து நிமிடமாவது இருக்கும். அதற்குள் நான் நின்ற இடத்திலேயே என் முப்பது வருட வேலையை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

"சத்தமில்ல" என்றார். "ஏறுங்க, பஸ் ஸ்டாண்டுல விடறேன்."

அன்று சந்தை. வழி முழுக்க நின்று நின்றுதான் போக வேண்டியிருந்தது. தக்காளிக் கூடைகள், ஆடுகள், மினி பஸ். ஒவ்வொரு தடவை நின்றபோதும் நான் அவர் காலைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ரேடியோவும் போடவில்லை. பஸ் ஸ்டாண்டு வந்ததும் நான் இறங்கி, ஜன்னல் பக்கம் குனிந்து, அடுத்த சர்வீசுக்கு எப்போது கொண்டு வர வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"இனிமே தருமபுரியில காட்டிக்கறேன் தம்பி" என்றார். "கோவமில்ல. நெசமா இல்ல. ஆனா உங்ககிட்ட வந்தா, ஒண்ணு சொல்றதுக்கு முன்னாடி சொல்லலாமா வேணாமான்னு யோசிப்பேன். நோயாளி அப்படி யோசிச்சா வைத்தியம் நடக்காது. நாப்பது வருசம் பாத்துருக்கேன்."

தலையாட்டினேன். அவர் சொன்னது சரி.

தம்பிகளே, அதற்குப் பிறகு என் கடைக்கு வந்த எந்த வண்டிக்காரரையும் நான் முதலில் இறங்கச் சொன்னதில்லை. நீங்க எப்பவும் எப்படி உக்காருவீங்களோ அப்படியே உக்காருங்க, எது வருதோ அது வர்ற மாதிரி பண்ணிக் காட்டுங்க என்பேன். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். ஆளைப் பற்றி எனக்கு என்ன தோன்றினாலும் அதை வண்டியின் மேல் ஏற்ற மாட்டேன். வயதானவர், பயந்தவர், பேச ஆள் இல்லாதவர் என்று தோன்றும். அது உண்மையாகவும் இருக்கலாம். பேச ஆள் இல்லாதவருடைய வண்டியிலும் ரப்பர் கிழியும். நான் இதைக் கற்றுக்கொண்ட பிறகு அவர் ஒரு தடவை வந்து உட்கார்ந்து காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. வர வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

சிஸ்டர் என்னை இறக்கிவிட்ட அன்று, பென்னாகரம் பஸ் ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். பஸ் கிளம்பிச் சந்தை முனையில் ஊர்ந்தபோது கொஞ்சம் முன்னால் அவர் கார் தெரிந்தது; சந்தையில் ஏதோ வாங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார் போல. காய்கறித் தள்ளுவண்டி ஒன்று குறுக்கே நின்றதால் அவர் காத்திருந்தார். பின்னால் இரண்டு பிரேக் விளக்குகளும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. பஸ் திரும்பும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். விளக்குகள் அணையவில்லை. கார் ஆடாமல் நின்றது.